உடம்புக்குள் ஒரு வலைப்பின்னல்... எதிரி இல்லாத நேரத்தைப் பற்றி யோசித்த நீல்ஸ் யெர்னேவின் கதை!

'இம்யூனிட்டி' என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஒரு போர்க்களம். கிருமிகள் படையெடுத்து வரும். வெள்ளை அணுக்கள் சிப்பாய்களாக ஓடிப்போய் அடித்து விரட்டும். பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து சத்து பான விளம்பரம் வரைக்கும் இதே கதைதான். சரி, எதிரியே வராத நாள்களில் இந்தச் சிப்பாய்கள் என்ன செய்வார்கள்? கோட்டைச் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார்களா?

இந்தக் கேள்வியை ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொண்ட மனிதர் ஒருவர் இருந்தார். பெயர், நீல்ஸ் யெர்னே. டென்மார்க் நாட்டு விஞ்ஞானி. தூங்கவில்லை, அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று 1974-ல் சொன்னார். தலைவன் இல்லாமல், கட்டளை இல்லாமல், தானாகவே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் ஒரு வலைப்பின்னல் நம் உடம்புக்குள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். அதைக் கணக்குச் சமன்பாடாகவும் எழுதிக்காட்டினார். 10 வருடங்கள் கழித்து நோபல் பரிசு தேடி வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் எழுதிய பெரிய கோட்பாடுகள் எதுவுமே அவர் எழுதியபடி அப்படியே நிற்கவில்லை. ஒன்றை இன்னொருவர் திருத்தினார். இன்னொன்று பாதிக்கு மேல் கைவிடப்பட்டது. அப்படியிருந்தும், இந்தத் துறையை அவர் அளவுக்குத் திருப்பிப்போட்டவர்கள் ரொம்பக் குறைவு. எப்படி?

வாழைப்பழ கம்பெனியிலிருந்து...

1911 டிசம்பர் 23-ம் தேதி லண்டனில் பிறந்தார் யெர்னே. அப்பா, அம்மா இருவரும் டென்மார்க்காரர்கள். பூர்வீகம் ஃபானோ என்ற சின்னத் தீவு. முதல் உலகப்போர் காலத்தில் குடும்பம் நெதர்லாந்துக்கு இடம்பெயர, பையன் ராட்டர்டாம் நகரத்தில் வளர்ந்தார். பிறந்தது ஓர் ஊர், படித்தது ஓர் ஊர், சொந்த ஊர் வேறு ஊர். இந்த நாடோடி வாழ்க்கை கடைசி வரைக்கும் அவரை விடவே இல்லை.

படிப்பிலும் அதே அலைச்சல்தான். 1928-ல் பள்ளிப்படிப்பை முடித்தார். பிறகு லெய்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் இயற்பியல். முடிக்கவில்லை. வாழைப்பழம் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியின் ஆபீஸில் வேலை. அதுவும் ஒட்டவில்லை. இருபதுகளில் கோபன்ஹேகனுக்குப் போய் மருத்துவம் சேர்ந்தார். கல்யாணம், குழந்தைகள், பணக் கஷ்டம் என்று இழுத்துக்கொண்டே போய், ஒருவழியாக மருத்துவப் பட்டம் கையில் வந்தது 1947-ல். அப்போது வயது 35. நம்ம வீடுகளில் என்றால், எப்போதுதான் செட்டில் ஆகப்போறேன்னு கேட்டே ஒரு வழி பண்ணியிருப்பார்கள்!

நடுவில், 1943-ல், டென்மார்க் ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்தபோது, கோபன்ஹேகனில் உள்ள அரசு சீரம் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தடுப்பூசி, சீரம் போன்றவற்றின் வீரியத்தை அளந்து, தரப்படுத்தும் பிரிவு அது. கேட்கவே போரடிக்கும் வேலை. ஆனால், யெர்னே பின்னால் எழுதிய எல்லாவற்றுக்கும் விதை அங்கேதான் விழுந்தது.

ஒரு மருந்து எவ்வளவு வலிமையானது என்று எப்படிச் சொல்வது? இந்த எலிக்கு வேலை செய்தது, அந்த எலிக்குச் செய்யவில்லை என்றால் எந்த எண்ணை நம்புவது? இதற்குப் புள்ளியியல் வேண்டும். யெர்னே அதில் மூழ்கிப்போனார். உயிரியல் சோதனைகளின் முடிவுகளுக்கு என்ன அர்த்தம், அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்று 1949-ல் ஒரு கட்டுரையை இன்னொருவரோடு சேர்ந்து எழுதினார். 1951-ல் அவர் சமர்ப்பித்த டாக்டர் பட்ட ஆய்வு, டிப்தீரியா நச்சோடு ஆன்டிபாடி எவ்வளவு இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது என்பதைப் பற்றியது. அதாவது, மற்றவர்கள் உடம்பைப் பார்த்த இடத்தில் இவர் எண்களைப் பார்த்தார்.

வீட்டுக்குள் விழுந்த இடி

யெர்னேவின் முதல் மனைவியை எல்லோரும் 'ட்யெக்' என்று அழைத்தார்கள். செக் நாட்டைச் சேர்ந்த ஓவியர். 1936-ல் ஒரு மகன், 1941-ல் இன்னொரு மகன். வெளியே போர், வீட்டுக்குள் வறுமை, கணவன் மனைவிக்கு நடுவே விரிசல். 1945-ல் ட்யெக் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். பெரிய பையனுக்கு அப்போது 9 வயதுதான்; சின்னவனுக்கு 4.

யெர்னேவின் வாழ்க்கை வரலாற்றை விரிவாக எழுதிய தாமஸ் சோடர்க்விஸ்ட் இந்த மரணத்தை மூடி மறைக்கவில்லை. யெர்னேவும் மறைக்க விரும்பியதாகத் தெரியவில்லை. கடிதங்கள், குறிப்புகள், துண்டுச்சீட்டுகள் என்று வாழ்நாள் முழுக்க எதையும் தூக்கிப்போடாமல் சேர்த்துவைத்தவர் அவர். வயதான காலத்தில் சோடர்க்விஸ்டோடு மணிக்கணக்காக உட்கார்ந்து பேசவும் செய்தார். அந்தப் புத்தகத்தில் தெரியும் மனிதர் புத்திசாலி, பேச்சில் மயக்குபவர், அதே நேரம் நெருங்கியவர்களிடமிருந்து விலகியே இருப்பவர். 1948-ல் இரண்டாவது திருமணம். 1964-ல் மூன்றாவது. கூட இருந்தவர்களுக்கு இவரோடு வாழ்வது சுலபமாக இருந்திருக்காது.

டெய்லர் கடையா, ரெடிமேட் கடையா?

அந்தக் காலத்தில் விஞ்ஞானிகளைக் குழப்பிய ஒரு புதிர் உண்டு. நம் உடம்பு எந்தப் புதுப் பொருள் உள்ளே வந்தாலும் அதற்குச் சரியாகப் பொருந்தும் ஆன்டிபாடியைத் தயாரித்துவிடுகிறது. கிருமிக்கு மட்டுமா? இயற்கையில் இல்லாத, லேபில் மனிதன் உருவாக்கிய ரசாயனங்களுக்குக்கூட விலங்குகளின் உடம்பு ஆன்டிபாடி செய்வதை கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் ஏற்கெனவே காட்டியிருந்தார். உலகத்திலேயே இல்லாத ஒரு பொருளுக்கு உடம்பு எப்படித் தயாராக இருக்க முடியும்?

அதற்கு அன்றைக்கு இருந்த பதில், டெய்லர் கடை. கிருமி உள்ளே வந்ததும் அதை வைத்தே அளவெடுத்து, அதன் மேலேயே துணியை மடித்துத் தைப்பதுபோல, உடம்பு ஆன்டிபாடியை வடிவமைக்கிறது என்றார்கள். 1940-ல் இதை வேதியியல் மொழியில் விளக்கியவர் லைனஸ் பாலிங். சாதாரண ஆள் இல்லை, பின்னாளில் இரண்டு நோபல் வாங்கியவர். யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

1954-ல் ஒரு மாலை. வேலை முடிந்து யெர்னே வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். ஆபீஸ் இருந்தது அமாகர் தீவில். வீடு, கால்வாய்க்கு அந்தப் பக்கம் அமாலியேகாடே தெருவில். நடுவில் க்னிப்பல் பாலம். அந்த நடையில்தான் விஷயம் பிடிபட்டது என்று பிற்பாடு அவரே எழுதினார். உடம்பு ஏன் டெய்லர் கடையாக இருக்க வேண்டும்? ரெடிமேட் கடையாக இருந்தால்? எல்லா அளவிலும் கொஞ்சம் கொஞ்சம் சட்டை ஏற்கெனவே மாட்டிவைத்திருக்கிறது. கிருமி என்கிற கஸ்டமர் வருகிறார். தனக்குப் பொருந்துவதை எடுக்கிறார். எது எடுக்கப்பட்டதோ அதையே கடை மேலும் மேலும் தயாரிக்கிறது. அவ்வளவுதான்.

கியர்கெகாரின் எழுத்துகளில் ஊறியவர் யெர்னே. உண்மையைப் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியுமா, இல்லை அது நமக்குள்ளேயே இருப்பதை ஞாபகப்படுத்திக்கொள்கிறோமா என்ற சாக்ரடீஸ் காலத்துக் கேள்வியைத்தான் அந்த டேனிஷ் தத்துவவாதியும் எடுத்துப் பேசியிருந்தார். அந்தத் தத்துவக் கேள்விக்கும் தன் ஆன்டிபாடி யோசனைக்கும் உள்ள தொடர்பை யெர்னேவே பிறகு சுட்டிக்காட்டினார். வெளியிலிருந்து யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எல்லாம் உள்ளேயே இருக்கிறது.

அந்தச் சமயத்தில் கலிஃபோர்னியாவின் கால்டெக்கில், மேக்ஸ் டெல்ப்ரூக்கோடு வேலை பார்க்கப் போனார் யெர்னே. கால்டெக் என்றால் பாலிங்கின் சொந்தக் கோட்டை. அங்கே உட்கார்ந்துகொண்டு பாலிங்குக்கு எதிரான கோட்பாட்டை எழுதினார். டெல்ப்ரூக் வழியாக 1955-ல் அது வெளிவந்தது. யெர்னேவுக்கு 43 வயது. அதுவரை பெரும்பாலானவர்கள் கேள்விப்படாத பெயர்.

கோட்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. ரத்தத்தில் மிதக்கும் ஆன்டிபாடியை ஒரு செல்லுக்குள் கொண்டுபோனால், செல் அதைப் பார்த்து நகல் எடுக்கும் என்று எழுதியிருந்தார். புரதத்தைப் பார்த்துப் புரதம் செய்யும் வேலை செல்லுக்குத் தெரியாது. 1957-ல் ஆஸ்திரேலியாவின் மெக்ஃபார்லேன் பர்னெட் அதைத் திருத்தினார். தேர்ந்தெடுக்கப்படுவது ஆன்டிபாடி இல்லை, அதைத் தயாரிக்கும் செல். பொருந்திய செல் பல்கிப் பெருகும். அதே சமயத்தில் அமெரிக்காவில் டேவிட் டால்மேஜும் அந்தத் திசையில்தான் யோசித்துக்கொண்டிருந்தார். இன்று மருத்துவ மாணவர்கள் படிப்பது பர்னெட்டின் வடிவம்தான். ஆனால், டெய்லர் கடையை இழுத்து மூடியவர் யெர்னே.

ஓட்டை ஓட்டையாக ஒரு தட்டு

அடுத்து ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனம், அதன்பின் 1962-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க். கோட்பாட்டுக்காரர் என்று பெயர் எடுத்தவர் அங்கே ஒரு சோதனை முறையைக் கண்டுபிடித்தார். ஆல்பர்ட் நார்டினோடு சேர்ந்து 1963-ல் வெளியிட்டது.

விஷயம் எளிமை. செம்மறி ஆட்டின் சிவப்பணுக்களை எலிக்கு ஊசியில் ஏற்றுகிறார்கள். சில நாள் கழித்து எலியின் மண்ணீரல் செல்களை எடுத்து, அதே ஆட்டு ரத்த அணுக்களோடு கலந்து, ஜெல்லிபோல உறையும் அகாரில் ஊற்றித் தட்டில் பரப்புகிறார்கள். எந்தச் செல் ஆன்டிபாடி சுரக்கிறதோ, அதைச் சுற்றியுள்ள சிவப்பணுக்கள் உடைந்து, சிவப்புத் தட்டில் தெளிவான ஒரு வட்டப் புள்ளி விழும். புள்ளிகளை எண்ணினால் எத்தனை செல்கள் வேலை செய்கின்றன என்று தெரிந்துவிடும். கண்ணாலேயே எண்ணலாம்!

அதுவரை மொத்தமாக, குத்துமதிப்பாகப் பேசப்பட்ட ஒரு விஷயம் எண்ணிக்கைக்குள் வந்துவிட்டது. கணக்கு போட முதலில் எண்கள் வேண்டும் இல்லையா? அந்தத் தட்டு உலகம் முழுக்க லேப்களில் பரவியது.

பாஸ் இல்லாத ஆபீஸ்

கொஞ்ச காலம் ஃப்ராங்க்ஃபர்ட்டின் பால் எர்லிக் நிறுவனத்தில் தலைமைப் பொறுப்பு. பிறகு 1969-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், மருந்து நிறுவனமான ராஷ் பணத்தில் உருவான நோயெதிர்ப்பு ஆய்வு நிலையத்துக்கு முதல் இயக்குநர் ஆனார். யெர்னே அதை அமைத்த விதம்தான் செம சுவாரஸ்யம். துறைகள் கிடையாது. துறைத் தலைவர் கிடையாது. நேற்று வந்த இளைஞரும் பேர் பெற்ற மூத்தவரும் ஒரே மாதிரி 'உறுப்பினர்கள்'. யார் யாரோடு சேர்ந்து என்ன ஆராய்ச்சி செய்வது என்பதை அவர்களே பேசி முடிவெடுத்துக்கொள்ள வேண்டும்.

பலன்? சுசுமு டோனேகாவா அங்கே வந்து, சில நூறு ஜீன் துண்டுகளைச் சீட்டுக்கட்டுபோல மாற்றி மாற்றி அடுக்கித்தான் உடம்பு கோடிக்கணக்கான ஆன்டிபாடிகளைச் செய்கிறது என்று நிரூபித்தார். 1987-ல் நோபல். ஜார்ஜஸ் கோலர் அங்கேதான் தன் டாக்டர் பட்ட ஆய்வைச் செய்தார். பிறகு கேம்பிரிட்ஜ் போய் சீசர் மில்ஸ்டைனோடு சேர்ந்து, சாகாமல் ஒரே வகை ஆன்டிபாடியை மட்டும் சுரந்துகொண்டே இருக்கும் செல்களை உருவாக்கினார். செல்கள் நிஜமாகவே வேலை செய்கின்றனவா என்று அவர் பார்த்தது யெர்னேவின் அதே தட்டில்தான். முடிவு தெரியப்போகும் மாலையில் மனைவியையும் துணைக்கு லேபுக்கு அழைத்துப்போனார். தட்டில் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது. 'மோனோகுளோனல் ஆன்டிபாடி' பிறந்தது அப்படித்தான். இன்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனை கிட்டிலிருந்து, பெயர் 'மாப்' என்று முடியும் புற்றுநோய் மருந்துகள் வரை அதன் பிள்ளைகள்தான்.

ஒருவரையொருவர் பார்த்து, உரசி, தானாக ஒழுங்காகும் கூட்டம். யெர்னே ஆபீஸை அப்படி நடத்திக்கொண்டிருந்த வருடங்களில்தான் உடம்புக்குள்ளும் அப்படியொரு கூட்டத்தைப் பார்த்தார்.

சாவிக்கும் ஒரு பூட்டு

ஆன்டிபாடி ஒரு சாவி என்று வைத்துக்கொள்வோம். கிருமியின் மேலுள்ள பூட்டில் பொருந்தும். எல்லோரும் பூட்டைத்தான் பார்த்தார்கள். யெர்னே சாவியைப் பார்த்தார். சாவிக்கும் ஒரு வடிவம் இருக்கிறதே! கோடிக்கணக்கான ஆன்டிபாடிகள் இருக்கும் ஓர் உடம்பில், இந்தச் சாவியின் பல்லுக்குப் பொருந்தும் இன்னோர் ஆன்டிபாடி இல்லாமலா போகும்? அதற்குப் பொருந்த இன்னொன்று, அதற்கு மற்றொன்று... இப்படியே போனால்? ஒவ்வொன்றும் பார்க்கிறது, ஒவ்வொன்றும் பார்க்கப்படுகிறது. மொத்தமும் ஒரு வலை.

இதற்குள் ஓர் அழகான விஷயமும் ஒளிந்திருக்கிறது. கொழுக்கட்டை அச்சு தெரியும்தானே? ஓர் உருவத்திலிருந்து அச்சு எடுத்து, அந்த அச்சிலிருந்து மறுபடி எடுத்தால் பழைய உருவமே திரும்பி வரும். கிருமிக்கு அச்சு முதல் ஆன்டிபாடி. முதல் ஆன்டிபாடிக்கு அச்சு இரண்டாவது. அப்படியானால், இரண்டாவதில் ஒரு பகுதி கிருமியின் சாயலில் இருக்கும்! வெளியுலகத்தின் பிம்பங்கள் உடம்புக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. கிருமி வரும்போது அது புது ஆள் இல்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒரு முகத்தின் சாயலில் வருகிற ஆள்.

1974-ல் பிரான்ஸின் பாஸ்டர் நிறுவன இதழில் வெளியான கட்டுரையில் யெர்னே இதை வார்த்தையோடு விடவில்லை. ஒரு வகைக்கெழுச் சமன்பாடாகவும் எழுதினார். பயப்பட வேண்டாம், அது ஒரு கடையின் வரவு செலவுக் கணக்குபோலத்தான். ஒரு வகை செல்லின் எண்ணிக்கை நாளைக்கு எவ்வளவு மாறும்? புதிதாக வந்து சேர்பவற்றைக் கூட்டு. இறந்துபோகிறவற்றைக் கழி. மற்ற வகைகள் இதைத் தூண்டிவிடுவதால் பெருகுவதைக் கூட்டு. மற்ற வகைகள் இதை அடக்குவதால் குறைவதைக் கழி. அவ்வளவுதான் ஒரு வரி. சிக்கல் எங்கே வருகிறது என்றால், இப்படி ஒவ்வொரு வகைக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரிக்குள்ளும் மற்ற வரிகள் வந்து நிற்கும். மனித உடம்பில் சுமார் ஒரு லட்சம் கோடி லிம்ஃபோசைட் செல்கள் இருப்பதாக அவரே கணக்குச் சொன்னார். ஒன்றைத் தொட்டால் எல்லாம் ஆடும்.

எதிரி இல்லாத நேரத்திலும் இந்தக் கணக்கு நிற்காது. தூண்டலும் அடக்கலும் ஏறக்குறைய சமமாக இருப்பதால், வெளியிலிருந்து பார்க்க அமைதியாகத் தெரியும். கிருமி வந்தால் தராசு சாயும். தராசு சாய்ந்து, மறுபடி நிலைக்கு வருவதைத்தான் நாம் எதிர்ப்புச் சக்தி என்கிறோம். இதுதான் யெர்னேவின் வாதம்.

கணக்கு வாத்தியார்கள் நுழைந்தார்கள்

உயிரியல்காரர்கள் பாதிப் பேர் வியந்தார்கள், பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். கணிதக்காரர்களுக்கோ தீபாவளி! அடுத்த வருடமே பீட்டர் ரிக்டர், ஜெஃப்ரி ஹாஃப்மேன் என்று ஆளுக்கொரு மாடலோடு வந்தார்கள்.

1979-ல் ஆலன் பெரெல்சனும் ஜார்ஜ் ஆஸ்டரும் 'வடிவ வெளி' என்ற யோசனையைச் சொன்னார்கள். சட்டைக்குக் கழுத்து, தோள், நீளம் என்று நாலு எண் சொன்னால் போதும் இல்லையா? அதுபோல ஒவ்வோர் ஆன்டிபாடியின் வடிவத்தையும் சில எண்களாகக் குறித்தால், ஒவ்வொன்றும் ஒரு வரைபடத்தில் ஒரு புள்ளி. பக்கத்துப் புள்ளிகளையும் அது ஓரளவு பிடிக்கும். அப்படியானால் மொத்த வரைபடத்தையும் மூட எத்தனை வகை ஆன்டிபாடி தேவை? கணக்குப் போட்டுவிடலாம்!

இன்னொரு கேள்வி, வலை எப்போது ஒரே வலையாகிறது? வாட்ஸ்அப் ஃபார்வேர்டை நினைத்துப் பாருங்கள். ஒருவர் சராசரியாக ஒருவருக்கும் குறைவாக அனுப்பினால் செய்தி நாலு பேரோடு செத்துவிடும். ஒருவரைத் தாண்டினால் ஊரே படித்துவிடும். அந்த எல்லைக்கோட்டுக்குக் கீழே தனித்தனித் தீவுகள்; மேலே ஒரே பெரிய வலை. ஆன்டிபாடிகளுக்கும் அதே கணக்கு. ஆனால், ஒரே வலையாக இருந்தால் ஒரு சளிக் கிருமிக்கு மொத்த உடம்பும் குலுங்க வேண்டுமே? குலுக்கலை எது நிறுத்துகிறது? இந்தக் கேள்விக்கு மாடல்கள் தந்த ஒரு பதில்: தூண்டல் ரொம்பக் குறைந்தாலும் செல் எழாது, ரொம்ப அதிகமானாலும் எழாது. நடுவில் மணி வடிவத்தில் ஒரு ஜன்னல். அதற்குள் விழுந்தால் மட்டும் பெருகும்.

சிலி நாட்டின் ஃப்ரான்சிஸ்கோ வரேலா இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். பினோசே ஆட்சியைப் பிடித்த பிறகு நாட்டைவிட்டுக் கிளம்பி, பிற்பாடு பாரிஸில் வேலை செய்தவர். எலும்பு மஜ்ஜையிலிருந்து எந்நேரமும் புதுச் செல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வலை அவற்றில் சிலரை மட்டும் சேர்த்துக்கொள்கிறது, மற்றவர்களை விட்டுவிடுகிறது. இந்த விதியை மட்டும் கம்ப்யூட்டரில் கொடுத்து ஓடவிட்டால், யாரும் வரையாமலே வடிவ வெளியில் ஒழுங்கான கோலங்கள் தோன்றுவதை அவரும் ஜான் ஸ்டூவர்ட்டும் காட்டினார்கள். தானாக அமையும் வலை என்பது வெறும் உவமை இல்லை, கணக்கில் நிஜமாகவே நடக்கிறது!

நோபலும் அதற்குப் பிறகும்

1984-ல் நோபல் பரிசு. கோலர், மில்ஸ்டைன், யெர்னே மூவருக்கும். யெர்னேவுக்கு அப்போது 73-வது பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஏற்புரையில் அவர் எடுத்துக்கொண்ட உவமை மொழி. நோம் சோம்ஸ்கி சொன்ன இலக்கணத்தைப்போல, சில விதிகளை வைத்து உடம்பு எண்ணற்ற வாக்கியங்களை உண்டாக்குகிறது என்று பேசினார்.

அதே சமயத்தில் அடியில் மண் சரியத் தொடங்கியிருந்தது. வலை நிஜமா என்று சோதித்தவர்களுக்குப் பாதி பதில்தான் கிடைத்தது. ஓர் உயிர் தன் ஆன்டிபாடிக்கு எதிராகவே ஆன்டிபாடி செய்யும் என்பது உண்மை. புதிதாகப் பிறந்த எலியின் ஆன்டிபாடிகள் ஒன்றோடொன்று கணிசமாக ஒட்டுகின்றன என்பதும் உண்மை. ஆனால், வளர்ந்த உடம்பு முழுவதையும் இந்த வலைதான் ஆள்கிறது என்பதற்குச் சான்று வலுவாக வரவில்லை. டி-செல்கள் கிருமியை அடையாளம் காணும் விதமே வேறு என்பது தெளிவானது. மாடல்களில் தேவைப்பட்ட எண்களை லேபில் அளக்க வழியில்லை. எதை வேண்டுமானாலும் விளக்கிவிடும் கோட்பாடு, எதையும் விளக்காத கோட்பாடு என்ற விமர்சனம் எழுந்தது. எண்பதுகளின் முடிவில் பெரும்பாலான லேப்கள் வேறு பக்கம் நகர்ந்துவிட்டன.

அப்படியானால் எல்லாம் வீணா? இல்லை. வலை மாடல்கள் போட்டுப் பழகிய பெரெல்சன், தொண்ணூறுகளில் டேவிட் ஹோ குழுவோடு சேர்ந்து எய்ட்ஸ் பக்கம் திரும்பினார். ஹெச்.ஐ.வி தொற்றியபின் பல வருடங்கள் நோயாளி நன்றாகத்தான் இருப்பார். ரத்தத்தில் வைரஸ் அளவும் பெரிதாக மாறாது. வைரஸ் தூங்குகிறது என்றே பலர் நினைத்தார்கள். புது மருந்து கொடுத்ததும் வைரஸ் அளவு சரிந்த வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள். 1996-ல் வெளியான விடை, தினமும் சுமார் 1,000 கோடி வைரஸ்கள் உருவாகி, ஏறக்குறைய அதே அளவு அழிகின்றன! அமைதியாகத் தெரிந்தது அமைதியே இல்லை. வரவும் செலவும் சமமாக இருந்த ஒரு கடுமையான போராட்டம். அத்தனை வேகமாகப் பெருகும் வைரஸ், ஒரு மருந்து மட்டும் கொடுத்தால் சீக்கிரமே உருமாறித் தப்பித்துவிடும். பல மருந்துகளைச் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பதற்கு அந்தக் கணக்கு வலுவான காரணம் தந்தது. இன்று எத்தனையோ பேர் ஹெச்.ஐ.வி-யோடு நீண்டநாள் வாழ்வதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. இது யெர்னேவின் கோட்பாடு இல்லை. ஆனால், அமைதிக்குப் பின்னால் ஓடும் கணக்கைப் பார் என்கிற அதே பார்வை.

இன்னொரு பக்கம், கம்ப்யூட்டர்காரர்களும் வலையை விடவில்லை. 1986-ல் டாய்ன் ஃபார்மர், நார்மன் பேக்கார்ட், பெரெல்சன் மூவரும் யெர்னேவின் வலைக்கும் தானாகக் கற்றுக்கொள்ளும் மெஷின்களுக்கும் உள்ள ஒற்றுமையை எழுதினார்கள். 'செயற்கை நோயெதிர்ப்பு அமைப்பு' என்று ஒரு துறையே வளர்ந்தது. பிரேசிலின் டி காஸ்ட்ரோவும் வான் ஜூபெனும் வலைக் கோட்பாட்டை வைத்தே, குவியலான தகவல்களை வகை பிரிக்கும் ஒரு முறையை உருவாக்கினார்கள்.

கடைசிக் கணக்கு

1980-ல் பாசலிலிருந்து ஓய்வு பெற்ற யெர்னே, தெற்கு பிரான்ஸில் காஸ்திலோன்-டு-கார் என்ற சின்ன கிராமத்தில் குடியேறினார். அங்கேயே 1994 அக்டோபர் 7-ம் தேதி, 82 வயதில் இறந்தார். அவர் உருவாக்கிய பாசல் நிலையத்தை மூடும் முடிவு 2000-ல் வந்தது. அவர் சேர்த்துவைத்த காகிதங்கள் கோபன்ஹேகனின் ராயல் நூலகத்தில் இருக்கின்றன.

ஒன்றோடொன்று பார்த்துக்கொள்ளும் வலையைக் கற்பனை செய்தவர், தன் வீட்டில் பக்கத்தில் இருந்தவர்களைச் சரியாகப் பார்த்தாரா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ட்யெக்கின் கதையைத் தள்ளிவைத்துவிட்டு யெர்னேவைப் பாராட்ட முடியாது. அதேபோல அந்தக் கதையை வைத்து அவர் கேட்ட கேள்வியைத் தள்ளிவிடவும் முடியாது.

ஏனென்றால், அந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. எதிர்ப்பு அணுக்களை அடக்கிவைப்பது எது? 2025-ம் வருட மருத்துவ நோபல் பரிசு இந்தக் கேள்விக்கான பதிலுக்குத்தான் போனது. ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் மூவரும் வாங்கினார்கள். மற்ற எதிர்ப்பு அணுக்களுக்கு பிரேக் போடும் தனி வகை டி-செல்கள் இருக்கின்றன, அவை இல்லையென்றால் உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் என்று காட்டியவர்கள் அவர்கள். யெர்னே சொன்ன ஆன்டிபாடி வலை இது இல்லை. பதில் மாறிவிட்டது. ஆனால், அடக்குவதும் ஒரு வேலை, சமநிலையில் இருப்பதும் ஒரு வேலை என்ற அவருடைய பிடிவாதம் சரியாகத்தான் இருந்தது.

அடுத்த முறை 'இம்யூனிட்டியை ஏற்றுங்கள்' என்று ஒரு டப்பா உங்களைப் பார்த்துக் கத்தும்போது, இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்க. முடக்குவாதத்தில் மூட்டுகளை அரிப்பதும், டைப் 1 சர்க்கரை நோயில் இன்சுலின் செல்களை அழிப்பதும் எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வருவதில்லை. திசை தெரியாமல் அது எகிறுவதால் வருகிறது. உடம்புக்கு வேண்டியது இன்னும் பெரிய படை இல்லை, தராசு சாயாமல் இருப்பதுதான். போடவேண்டிய தடுப்பூசியை நேரத்துக்குப் போடுங்க, நன்றாகத் தூங்குங்க. மீதிக் கணக்கை உள்ளே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்!